என் குரலில் பேசிய தங்கை

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு பேரங்காடியின் பெண்கள் கழிவறைக்குள்ளிருந்து என் குரல் கேட்டது.

பதறாதீர்கள். நான் வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன். தோளில் என் தங்கையின் கைப்பை. கையில் அவளுடைய தண்ணீர்ப் போத்தல். கழிவறை வாசலில் நிற்கும் ஆண்கள் எல்லோரும் செய்வதைப் போல, எதிர்ச்சுவரில் இருந்த தீயணைப்பு விதிமுறைகளை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து கணீரென்று வந்தது: "தயவுசெய்து இந்தக் கதவைத் திறந்து உதவவும்!"

அடுத்த நொடி ஓர் அலறல். ஈரக் கையோடு ஓர் ஆன்டி ஓடி வந்தார். "உள்ள ஆம்பள இருக்கான்! செக்யூரிட்டி எங்க?"

அவருக்குப் பின்னால் வந்த இன்னோர் ஆன்டி ஓடவில்லை. நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "இரு லா... இந்தக் குரல எங்கயோ கேட்டிருக்கேன். நம்ம சுமதி கல்யாணத்துல மைக்க விடாம பேசிக்கிட்டே இருந்தாரே, அந்த அறிவிப்பாளர்தானே இது?"

சொல்லிக்கொண்டே திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

உள்ளே குரல். வெளியே ஆள். நடுவில், என்ன நடக்கிறதென்றே புரியாமல் வந்து நின்ற பாதுகாவலர்.

"அது என் தங்கச்சிங்க" என்றேன்.

"தங்கச்சியா? ஆம்பளக் குரலா இருக்கே?"

"தங்கச்சி அவதான். குரல் மட்டும் என்னோடது."

ஆன்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயோ பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்பதைக் கடைசிவரை விளக்கவில்லை. ஆனால் நல்ல மனுஷி. உள்ளே போய், சிக்கிக்கொண்ட தாழ்ப்பாளை விடுவித்து, என் தங்கையைக் கைப்பிடித்து அழைத்து வந்துவிட்டார்.

என் தங்கை பவானி சிரித்துக்கொண்டே வந்தாள். நான் சிரிக்கவில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பவானிக்கு வயது முப்பத்தாறு. பிறவியிலேயே செரிப்ரல் பால்சி. மெல்ல நடப்பாள். வலது கையின் ஆள்காட்டி விரல் அவள் சொன்னபடி கேட்கும். மற்ற விரல்கள் தங்கள் இஷ்டப்படி. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் புரியும். பேச்சு மட்டும் வரவில்லை. கண்ணை மேலே உயர்த்தினால் 'ஆமாம்'. உதட்டைப் பிதுக்கினால் 'இல்லை'. நெடுங்காலம் இதை வைத்துத்தான் எங்கள் குடும்பம் ஓடியது. நாங்கள் கேள்வி கேட்போம், அவள் கண்ணால் பதில் சொல்வாள். நாங்கள் கேட்காத கேள்விக்கு அவளிடம் பதில் இருந்திருக்குமோ என்று யாரும் யோசிக்கவில்லை.

அப்புறம் டேப்லட் வந்தது. அதில் ஓர் ஆப். திரை முழுக்கப் படங்கள். படத்தைத் தொட்டால் அந்தச் சொல் ஒலிக்கும். சொல் சொல்லாகத் தொட்டு வாக்கியமும் ஆக்கலாம். ஆங்கிலத்துக்குக் குரல் தயாராக இருந்தது. மலாய்க்கும் இருந்தது. தமிழுக்கு? வீட்டிலேயே யாராவது பேசிப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்.

குரலா? பதிவா? இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் எப்பேர்ப்பட்டவன் என்று தெரியும். வாரம் ஒருமுறை எழுதுவது ஆசைக்கு. வார இறுதியில் கல்யாணம், காதுகுத்து, பாராட்டு விழா என்று மைக் பிடிப்பது ஆத்ம திருப்திக்கு. கூட்டம் சாப்பிடப் போன பிறகும் பேசிக்கொண்டிருப்பேன்.

என் மனைவி மாலதி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "என்னங்க, பவானி பொம்பளப் புள்ள. நான் பேசுறேனே?"

"உனக்கு ழகரம் சரியா வராதே" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. சமையலறையில் பாத்திரங்கள் பேசின.

துணி அலமாரிக்குள் தலையை விட்டு, எதிரொலி இல்லாமல், தேன் கலந்த வெந்நீரைக் குடித்துக் குடித்துப் பதிவு செய்தேன். 'வாழைப்பழம்' மட்டும் எத்தனை தடவை! 'தேநீர் அருந்த விரும்புகிறேன்' என்று முதலில் பேசிப் பார்த்தேன், பிறகு 'தேநீர் வழங்கவும்' என்பதில் கம்பீரம் கூடியது. கதவு சிக்கிக்கொண்டால் சொல்வதற்குக்கூட ஒரு வாக்கியம் போட்டேன். அதுதான் கழிவறைக்குள்ளிருந்து வந்தது. எல்லாம் முடிந்து பவானி முதல் படத்தைத் தொட்டபோது என் கண் கலங்கியது. தங்கை பேசுகிறாள் என்று கலங்கியதா, என் குரல் அவ்வளவு நன்றாக இருந்ததே என்று கலங்கியதா? இன்றுவரை நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டில் குழப்பம் ஆரம்பித்தது. ஹாலிலிருந்து "தண்ணீர் வேண்டும்" என்று கேட்டால், மாலதி அடுப்படியிலிருந்து, "ஏன், உங்களுக்குக் கால் இல்லையா? எந்திரிச்சி வந்து எடுத்துக்குங்க" என்பாள். பிறகு கேட்டது யார் என்று தெரிந்து தலையில் அடித்துக்கொள்வாள். பவானிக்கு இது பிடித்துப்போயிற்று. வேண்டுமென்றே "மாலதி! மாலதி!" என்று என் குரலை அழுத்திவிட்டு, மாலதி என்னைத் திட்டிக்கொண்டே வருவதைப் பார்த்துச் சிரிப்பாள். சாலாக் செலாத்தானில் உள்ள எங்கள் வீட்டில், நான் பேசாத பேச்சுக்கும் சேர்த்து நான் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

கடைக்குப் போனால் இன்னும் மோசம். "ஒரு தேநீர் வழங்கவும்" என்று டேப்லட் முழங்கும். பரிமாறும் தம்பி என்னைப் பார்த்து, "சரிங்க சார்" என்று விறைப்பாக நிற்பான். பவானியை யாரும் பார்க்க மாட்டார்கள். குரல் வந்த திசையில் ஓர் ஆண் உட்கார்ந்திருக்கும்போது பெண்ணை எதற்குப் பார்க்க வேண்டும்?

இதெல்லாம் எனக்கு அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது. மேடையில்கூட நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறேன். கைதட்டும் கிடைத்தது.

பவானி வார நாட்களில் கிள்ளானில் ஒரு பட்டறைக்குப் போகிறாள். முறுக்கும் பிஸ்கட்டும் செய்து பாக்கெட் போடும் இடம். அவளைப் போன்ற பெரியவர்கள் பலர் அங்கே வேலை செய்கிறார்கள். வேன் வந்து கூட்டிப் போகும். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் மூன்று படங்களைத் தொட்டாள்.

"வீடு. கிள்ளான். சரசு."

சரசு அவளுடைய பட்டறைத் தோழி. எனக்குப் புரிந்துவிட்டது! சரசு வீட்டுக்கு விருந்துக்குப் போக வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிப் போனேன். சரசுவின் அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நிறையப் பேசிவிட்டு வந்தேன்.

மறுநாள் மறுபடியும், "வீடு. கிள்ளான். சரசு."

அப்படியானால் சரசுவை நம் வீட்டுக்குக் கூப்பிடச் சொல்கிறாள். கூப்பிட்டேன். பிரியாணி வாங்கிப் போட்டேன். சரசு வயிறாரச் சாப்பிட்டுப் போனாள்.

மறுநாளும் அதே மூன்று படங்கள். இம்முறை பவானி விரலை ஓங்கி ஓங்கி அழுத்தினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

மாலதி என்னைக் கூர்ந்து பார்த்தாள். "பட்டறைக்காரங்க வாடகைக்கு ஒரு வீடு எடுத்திருக்காங்கன்னு போன வாரம் உங்களுக்கு மெசேஜ் வந்துச்சே. நாலஞ்சு பொண்ணுங்க சேர்ந்து தங்கறதுக்கு. சரசு அங்க போறா. பவானியும் போகணுங்கறா. உங்களுக்கு நிஜமாவே புரியலையா, இல்ல புரிய வேணாம்னு இருக்கீங்களா?"

புரியாமல் என்ன? முதல் நாளே லேசாகப் புரிந்தது.

அம்மா போன பிறகு பவானி எங்களோடுதான். அவளைப் பார்த்துக்கொள்வது என் பெருமை. மேடையில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள், 'தங்கையைத் தாயாகத் தாங்குபவர்' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். நான் கையைக் கூப்பிக்கொண்டு தலை குனிவேன், அடக்கமாக. தாங்குவதற்குத் தங்கை இல்லாவிட்டால் எதற்குத் தலை குனிவது? அதோடு பயம் வேறு. குளியலறையில் வழுக்கி விழுந்தால்? காய்ச்சல் வந்தால்? அவள் சொல்வது யாருக்குப் புரியும்?

எனக்கே புரியவில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

சரி என்று சொல்லாமல், முடியாது என்றும் சொல்லாமல், ஒரு சனிக்கிழமை அவளைக் கிள்ளானுக்கு அழைத்துப் போனேன். அந்த வீட்டுக்குப் பொறுப்பானவரைப் பார்க்க. கார் பழுது பார்க்கப் போயிருந்ததால் ரயில். வழியில் பிரிக்பீல்ட்ஸில் இறங்கிச் சாப்பிட்டபோதுதான் அந்தக் கழிவறை வைபவம்.

பொறுப்பாளர் பெயர் நூர்ஜஹான். ஐம்பதைத் தாண்டிய தமிழ் முஸ்லிம் பெண்மணி. தலையில் வெளிர்நீல முக்காடு, மூக்கின் நுனியில் கண்ணாடி. பேச்சைச் சுற்றி வளைக்க மாட்டார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அண்ணே, மொதல்லயே சொல்லிடறேன். புள்ளைங்கள கொண்டாந்து தள்ளிட்டு, திரும்பிப் பார்க்காமப் போற குடும்பத்த நெறையப் பாத்துட்டேன். அதனால இங்க தங்கப் போறவங்க அவங்களே கேட்டாத்தான் சேர்ப்பேன். வாயால கேக்கட்டும், கையால கேக்கட்டும், கண்ணால கேக்கட்டும். குடும்பம் கேக்குறது கணக்கில்ல."

பிறகு பவானியின் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். "பவானி, நீ சொல்லும்மா. இங்க வர ஆசையா?"

பவானி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதற்காகவே தலை வாரி, புதுச் சுடிதார் போட்டு வந்திருந்தாள். ஒவ்வொரு படமாகத் தேடித் தொட்டாள்.

"பவானி... இங்கே... தங்க... விரும்புகிறாள்."

என் குரல். கணீரென்று.

நூர்ஜஹான் என் பக்கம் திரும்பினார். "நான் பவானியக் கேட்டேன் அண்ணே."

"நான் பேசலைங்க."

"இப்பத்தானே பேசுனீங்க?"

"அது பவானிங்க. குரல் மட்டும்தான்..."

"பவானி விரும்புகிறாள்னு பவானியா சொல்லுவா? அவ 'நான்'னுதானே சொல்லணும்? 'நான்' பட்டன் எங்க?"

பட்டன் இல்லை.

ஏன் இல்லை என்று விளக்கினேன். என் குரலில் 'நான்' என்று பதிவு செய்தால், கேட்பவர்கள் அது என்னைக் குறிப்பதாக நினைத்துவிடுவார்கள் அல்லவா? அந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான், யோசித்து, எல்லா இடத்திலும் 'பவானி' என்று போட்டேன். இலக்கணப்படி தன்மையைப் படர்க்கை ஆக்கிவிட்டேன். இதைச் சொல்லும்போது என் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

நூர்ஜஹான் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப, இவ்வளவு நாளா இந்தப் பொண்ணு ஒரு வாட்டிகூட 'நான்'னு சொன்னதில்ல?"

அந்தக் கேள்வியைப் பவானியாலும் தாங்க முடியவில்லை போலும். பதற்றத்தில், காப்பாற்றும் என்று நினைத்து, வேறொரு பட்டனை அழுத்திவிட்டாள். புதிய இடங்களுக்குப் போகும்போது உதவட்டும் என்று நானே பதிவு செய்த ஒரு முழு வாக்கியம்.

"பவானி நல்ல பெண். யாருக்கும் தொந்தரவு தர மாட்டாள். தயவுசெய்து சேர்த்துக்கொள்ளவும்."

சந்தையில் மாடு விற்பவன்கூட இவ்வளவு உருக்கமாகச் சொல்ல மாட்டான். நூர்ஜஹானின் முகம் இறுகிவிட்டது. அவர் கண்ணுக்கு இப்போது நான் யார்? தங்கையைத் தள்ளிவிட வந்து, டேப்லட்டுக்குள்ளும் ஒளிந்துகொண்டு சிபாரிசு செய்யும் அண்ணன்.

ஒன்று சொல்கிறேன். சேர்க்க மாட்டார் போலிருக்கிறது என்று தெரிந்ததும், எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று நிம்மதியாக இருந்தது. அவள் உண்மையாகக் கேட்கிறாள், நான் சாட்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாழ்க்கையில் பேசக் கூடாத இடத்திலெல்லாம் பேசிய நான், பேச வேண்டிய அந்த ஓரிடத்தில் வாயை மூடிக்கொண்டு மேசை விரிப்பைத் தடவினேன்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க அண்ணே" என்றார் நூர்ஜஹான்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவு மெல்லிசு. உள்ளே நூர்ஜஹான் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். பதில் மட்டும் தெளிவாக வந்தது. என் உச்சரிப்பு அப்படி.

"அண்ணன்... நல்லவர்."

நிம்மதியாகக் கால் மேல் கால் போட்டுக்கொண்டேன்.

"அண்ணன்... பேச்சு... நிறைய."

காலை இறக்கினேன்.

"பவானி... பேச்சு... இல்லை."

பிறகு, ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு விட்டு, "அண்ணன்... சத்தம்... வேண்டாம். வேண்டாம். வேண்டாம்."

எத்தனையோ மேடைகளில் என்னைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். துண்டுச்சீட்டு அனுப்பி முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மைக்கின் இணைப்பைப் பிடுங்கியும் இருக்கிறார்கள். ஆனால் என் குரலே என்னை வேண்டாம் என்று சொன்னது அன்றுதான். அதுவும் அவ்வளவு அழகாக. 'வேண்டாம்' என்பதை நான் மிகுந்த கனிவோடு பதிவு செய்திருந்தேன்.

எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது.

நூர்ஜஹான் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கோபம் தணிந்திருந்தது. "அவ கண்ணப் பார்த்தா எனக்குத் தெரியுது அண்ணே. ஆசையாத்தான் கேக்குறா. ஆனா நாளைக்கு அந்த வீட்டுல மத்தவங்ககூட இருக்கணும். குளிப்பாட்டி விடற அக்காகிட்ட வலிக்குதுன்னு சொல்லணும். பக்கத்து ரூம் பொண்ணுகூட சண்ட போடணும். அதெல்லாம் உங்க குரல்லயா? அவளுக்குன்னு ஒரு குரலோட வாங்க. அப்ப பேசிக்கலாம்."

ரயிலில் பவானி தூங்கிவிட்டாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். ஒருமுறை மாற்றுத்திறனாளிகளுக்கான விழா ஒன்றில், 'இவர்கள் சார்பாக நன்றி கூறுகிறேன்' என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். அவர்களில் யாரும் என்னைச் சார்பாக இருக்கச் சொல்லவில்லை. இப்படித்தான் நம்மில் பலர். பேச முடியாதவர்களுக்காகப் பேசுகிறோம், பேசுகிறோம், அவர்கள் பேச ஆரம்பித்தால் எங்கே வைப்பது என்று தெரியாத அளவுக்கு இடத்தை அடைத்துக்கொள்கிறோம்.

இவ்வளவு தெளிவாக யோசித்தவன், வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? இழுத்தடித்தேன். டேப்லட்டுக்கு அப்டேட் வர வேண்டும் என்றேன். நல்ல மைக் வாங்க வேண்டும் என்றேன். தொழில்முறை அறிவிப்பாளினி ஒருவரைத் தெரியும், அவருக்கு இப்போது தொண்டை சரியில்லை என்றேன்.

மாலதி ஒரே மாலையில் என் சாக்குகள் எல்லாவற்றையும் உடைத்துவிட்டு, தன் குரலில் சில சொற்களைப் பதிவு செய்து பவானிக்குப் போட்டுக் காட்டினாள். பவானி உதட்டைப் பிதுக்கினாள். ஷா ஆலமில் படிக்கும் எங்கள் மகள் காவ்யா போனில் பேசி அனுப்பினாள். அதைக் கேட்டால் யாரோ இன்ஷூரன்ஸ் விற்பது போலிருந்தது. அதற்கும் பிதுக்கல்.

"யார் குரல்தான் வேணும்?" என்றேன்.

தொட்டாள். "சரசு."

சரசுவா?

சரசுவுக்குக் கற்றுக்கொள்வது மெதுவாக வரும்; எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுவாள். வாய் மட்டும் எக்ஸ்பிரஸ் ரயில். பாசாரில் மீன் விற்கும் தொண்டை. ஐந்து சொல்லை ஒன்றாக்கி விழுங்குவாள். அந்தக் குரலா என் தங்கைக்கு? நாளைக்கு நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

"வேற யாராச்சும் சொல்லும்மா" என்றேன்.

பவானி டேப்லட்டை அணைத்தாள். மூடினாள். எழுந்து மெல்ல நடந்து வந்து, என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. தண்ணீர் கேட்கவும் தொடவில்லை, பசிக்கும் தொடவில்லை. பேசாமல் இருப்பதில் அவளோடு போட்டி போட்டு யாரால் ஜெயிக்க முடியும்? என்னாலா?

பட்டறையில் வேலை முடிந்த ஒரு மாலையில் சரசுவின் குரலில் பதிவு நடந்தது. நான் கையில் எழுத்துப் பிரதியோடு போயிருந்தேன், எல்லாச் சொல்லையும் ஒற்றெழுத்து பிசகாமல் தட்டச்சு செய்து. சரசு அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

"அங்கிள், இது என்னா?"

"நீ பேச வேண்டியதும்மா. நான் சொல்றேன், நீ திருப்பிச் சொல்லு. எனக்குப் பசிக்கிறது."

"யாருக்கு?"

"உனக்கில்ல. பவானிக்கு."

"பவானி எதுக்கு நியூஸ் வாசிக்கிறா?"

பவானி சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. பிரதியை என் கையில் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் முறை வேறு. பவானி ஒரு படத்தைக் காட்டுவாள். சரசு அந்தப் படத்துக்குத் தான் என்ன சொல்வாளோ அதைச் சொல்வாள். தட்டில் சோறு இருக்கும் படம்: "பசிக்குது லா!" தேநீர்க் கோப்பைப் படம்: "தே ஓ, சீனி கொறச்சி." தலையில் கை வைத்த படம்: "தலவலிக்குது, டிவிய சின்னதா வை." 'வேண்டாம்' படத்துக்கு முதலில் "வேணாம்" என்றாள். பவானி போதாது என்று கையை ஆட்டினாள். "வேணாம்னா வேணாம்!" என்று கத்தினாள் சரசு. பவானியின் கண்கள் மேலே போயின.

நூர்ஜஹானும் ஒன்று கேட்டு வாங்கினார். எதிராளி தப்பாகப் புரிந்துகொண்டால் சொல்வதற்கு ஒரு பட்டன் வேண்டுமாம். சரசு சற்றும் யோசிக்கவில்லை. "அது இல்ல. நான் சொன்னது வேற." கிள்ளானுக்கு விருந்துக்குப் போய்வந்த கதையை நினைத்துக்கொண்டேன். இந்த ஒரு பட்டன் இருந்திருந்தால் ஒரு பிரியாணி மிச்சம்.

நான் சும்மா இருந்தேனா? "தண்ணி" என்று சரசு சொன்னதும், "இன்னும் கொஞ்சம் தெளிவா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதுவும் பதிவாகிவிட்டது. பவானி தொட்டுப் பார்த்தாள். "தண்ணி. இன்னும் கொஞ்சம் தெளிவா." மொத்தப் பட்டறையும் என்னைத் திரும்பிப் பார்த்தது. இரண்டாவது முறையாக என்னை வெளியே அனுப்பினார்கள்.

அனுப்புவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிட்டேன். 'நான்' என்ற பட்டனுக்குப் படம் கிடைக்கவில்லை. நூர்ஜஹான் பவானியையே போட்டோ எடுத்தார், நெஞ்சில் கை வைக்கச் சொல்லி. அதைத் திரையில் போட்டு, சரசுவைச் சொல்லச் சொன்னார். சரசு தன் சத்தத்தையெல்லாம் குறைத்துக்கொண்டு, "நான்" என்றாள்.

பவானி அதைத் தொட்டாள். நான். மறுபடி தொட்டாள். நான். நான். நான்.

போதும் என்று யாரும் சொல்லவில்லை. நான்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மறுபடி நூர்ஜஹானின் அறை. இம்முறை நான் சுவரோரமாக, மாலதிக்குப் பக்கத்தில். மாலதியின் கை என் முழங்கால் மேல் இருந்தது. பாசத்தால் அல்ல, நான் எழுந்துவிடக் கூடாது என்பதால்.

"சொல்லு பவானி. இங்க வரணுமா?"

"நான்... இங்க... வரணும்."

"அண்ணன் வீட்டுல என்ன கொற?"

பவானி திரையில் தேடினாள். விரல் ஒரு படத்தின் மேல் போய், திரும்பி, இன்னொன்றைத் தொட்டது. "கொற... இல்ல." சற்று இளைப்பாறினாள். "அண்ணன் வீடு... அண்ணன் வீடு. எனக்கு... என் வீடு... வேணும்."

அந்தச் சமயத்தில் ஏதாவது நெகிழ்ச்சியாகச் சொல்ல வேண்டுமே, அண்ணன் என்ற முறையில், இரண்டே இரண்டு நிமிடம். எழுந்தேன். "பவானி என்ன சொல்ல வர்றான்னா..."

டேப்லட் முந்திக்கொண்டது. "அது இல்ல. நான் சொன்னது வேற."

"அவர் இன்னும் ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார் நூர்ஜஹான்.

பவானி அதையே மறுபடி அழுத்தினாள். மாலதி என்னைச் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அன்றைக்கே இடம் கிடைத்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விட்டோம். ஒரு பெட்டி, ஒரு தலையணை, அவளுக்குப் பிடித்த மஞ்சள் போர்வை. குளியலறையில் கைப்பிடிகள் இருக்கின்றனவா என்று ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். இருந்தன. உதவிக்கு இருக்கும் அக்காவிடம் பவானியைப் பற்றி விவரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். "அவங்களே சொல்லிட்டாங்க அண்ணே" என்றார். பவானி வாசல்வரை வந்தாள். கையை ஆட்டினாள். நான் காரை எடுப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். கொஞ்சம் நின்றிருக்கலாம்.

எங்கள் வீட்டில் அன்றிரவு மாலதி சோறு போட்டாள். "என்னங்க, வீடே அமைதியா இருக்கு" என்றாள் கடைசியில். தட்டைப் பார்த்தபடி தலையாட்டினேன். பவானியின் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை.

காலையில் போன் அடித்தது. புதிய எண்.

"அண்ணே, பசியாறிட்டீங்களா?"

சரசுவின் சத்தம். காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். ராத்திரி முழுக்க அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. "சரசு, பவானி எப்படிம்மா இருக்கா? தூங்குனாளா? போர்வை போத்தி விட்டாங்களா? கொசு இருக்கா? அழுதாளா? நான் வேணா இப்பவே கெளம்பி வரவா? போன அவ காதுல வை, நான் பேசுறேன், அவ கேக்கட்டும்..."

மறுமுனையில் மெல்லிய டொக் டொக் மட்டும். கண்ணாடி மேல் விரல் தேடித் தேடித் தட்டுகிற ஓசை.

பதிவு நடந்த அந்த மாலையில் என்னை வெளியே அனுப்பிவிட்டு இன்னும் என்னென்ன பதிவு செய்துகொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

"நான்தான் லா."

சரசுவின் தொண்டை. என் தங்கை.

எனக்குப் பேச்சு வரவில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன். மாலதி கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து, என்ன ஆயிற்று என்று பார்த்தாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்படியே நின்றேன்.

பவானி சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. என் பக்கத்திலிருந்து சத்தமே வரவில்லை என்றால், லைன் அறுந்துவிட்டது என்றுதானே எவரும் நினைப்பார்கள்!